பன்னிரண்டு அடி கிழக்கே

ராத்திரி ஒன்பது மணிக்கு எங்கள் வீட்டுக்குள் சைக்கிள் மணி அடித்தது. வாசலில் இல்லை, வீட்டுக்குள். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில்.

கைக்குழந்தையை அணைத்தபடி எட்டிப் பார்த்தேன். முதுகில் சாப்பாட்டுப் பெட்டியோடு ஒருவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்.

“கொஞ்சம் ஒதுங்குங்க மேடம். பின்கதவு வழியா அந்தத் தெருவுக்குப் போகணும்.”

“இது வீடுங்க!”

போனை நீட்டினார். வரைபடத்தில் எங்கள் முன்கதவிலிருந்து பின்கதவு வரை நீலக்கோடு. “இப்படிப் போனா ஆறு நிமிஷம் மிச்சம்னு போட்டிருக்கு,” என்றார் மரியாதையாக. கான்வென்டில் படித்த தோஷம், “சாரி” சொல்லி வழிவிட்டேன்.

அந்த வாரம் நாற்பத்தொரு பேர் போனார்கள். ஒருவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனார். இன்னொருவர், தூங்குகிற குழந்தையோடு தொட்டிலை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுப் போனார். அன்றே இரண்டு கதவையும் தாழிட்டேன். மறுநாள் நகராட்சியிலிருந்து நோட்டீஸ்: “பொதுமக்கள் பயன்பாட்டிலுள்ள பாதையில் தாழ்ப்பாள் எனும் தடுப்பை நிறுவியமைக்கு விளக்கம் கோரப்படுகிறது. மீண்டும் நிகழின் கதவு அகற்றப்படும்.”

என் கணவர் வரைபடக் கம்பெனியில் இருக்கிறார். எது எங்கே இருக்கிறது என்று கணினிக்குச் சொல்லிக் கொடுக்கும் வேலை. வீட்டில் தன் சாவி எங்கே என்று என்னைத்தான் கேட்பார்.

“ஏங்க, நம்ம வீடு எப்படிங்க ரோடாச்சு?”

“அதைத்தான் சனிக்கிழமை மாநாட்டுல பேசப்போறேன். வந்து கேளேன்.”

போனேன். குளிரூட்டிய அரங்கம். முந்நூறு மென்பொருள்காரர்கள், எல்லார் கழுத்திலும் அடையாள அட்டை. கணவர் பேசிய தலைப்பு, ‘தம்மைத் தாமே கண்டுபிடிக்கும் பாதைகள்’. இனி யாரும் தெருவில் இறங்கி அளக்க வேண்டியதில்லையாம். போன்கள் நகர்வதைத் தரவுத்தளம் சேர்த்து வைக்கும். நடமாட்டம் மிகுந்த இடத்தில் அதுவே பாதையைப் போட்டுவிடும்.

“இதோ, எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு பாதை,” என்று திரையைக் காட்டினார். “இரண்டே மாசத்துல ஒன்பதாயிரம் நடை! உச்ச நெரிசல், ராத்திரி ரெண்டுல இருந்து நாலு வரை!”

அரங்கமே கைதட்டியது. அந்த ஒன்பதாயிரமும் என் நடை. வயிற்றுவலியில் அழும் பிள்ளையைத் தோளில் போட்டு, அவருடைய ஆபீஸ் போனில் தாலாட்டை ஓடவிட்டு, முன்கதவுக்கும் பின்கதவுக்குமாக நடந்த நடை.

கேள்வி நேரத்தில் கையைத் தூக்கினேன். “அது ரோடு இல்லீங்க. பிள்ளையைத் தூங்கவைக்க நான் நடந்தது.”

கணவர் என்னை முன்பின் பார்த்திராதவர் போலப் பார்த்தார். “நல்ல கேள்வி. பயனர் எதற்காக நடக்கிறார் என்பது எங்கள் ஆய்வு வரம்புக்குள் வராது.”

பின்வரிசையில் ஒரு தாடிக்காரர் எழுந்தார். “குழந்தை தூங்கினதும் நெரிசல் குறைஞ்சுதா மேடம்? அந்தத் தரவு கிடைக்குமா?”

சிறப்பு விருந்தினர் வரைபடத் துறை இயக்குநர். தேநீர் இடைவேளையில் அவரைப் பிடித்தேன்.

“சார், அந்தக் கோட்டை அழிச்சிடுங்க.”

“அழிக்கிற அதிகாரம் எங்களுக்கு இல்லம்மா. நகர்த்தலாம். எந்தப் பக்கம், எவ்வளவு தூரம்னு எழுதி மனு குடுங்க.”

“நீங்க ஒருதரம் வந்து பாருங்களேன்.”

“நேர்ல வந்து பார்த்தா துல்லியம் கெட்டுடும்மா.”

எங்கள் சந்தில் இரண்டே வீடுகள். எங்களுக்கு மேற்கே கிடங்கின் மதில். கிழக்கே பன்னிரண்டு அடியில் பக்கத்து வீட்டு அக்காவின் சமையலறை. அதற்கப்பால் பள்ளிக்கூட மதில். அக்கா தனியாக இருப்பவர். எனக்கு வலி எடுத்த அன்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், விடிய விடிய பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்.

அங்கேயே மனு எழுத உட்கார்ந்து, பேனாவை மூன்று முறை மூடினேன். தொட்டிலைத் தொட்ட அந்தக் கை ஞாபகம் வந்தது. ‘கிழக்கே, பன்னிரண்டு அடி’ என்று குண்டு குண்டாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

“எவ்வளவு தெளிவான மனு!” என்று இயக்குநர் மனம்விட்டுப் பாராட்டினார்.

மூன்றே நாளில் உத்தரவு வந்தது: “பாதை செம்மைப்படுத்தப்பட்டது. தங்கள் குடிமையுணர்வுக்கு நன்றி.” கணவருக்கு அடுத்த மாநாட்டிலும் இடம் கிடைத்தது. தலைப்பு, ‘மக்களே திருத்தும் வரைபடம்’.

இன்றைக்கு இருட்டியதும் பக்கத்து வீட்டில் பாத்திரம் விழுந்தது. பிறகு ஆண்குரல்கள், மரியாதையாகத்தான். கொஞ்ச நேரத்தில் எங்கள் கதவை யாரோ தட்டினார்கள்.

“அம்மாடி, நான்தான். யார் யாரோ என் அடுப்பங்கரை வழியா போறாங்கம்மா. கேட்டா போனைக் காட்டுறாங்க. நான் என்ன பண்ணட்டும்?”

தோளில் குழந்தை அப்போதுதான் கண் மூடியிருந்தது. கதவில் கை வைத்தபடி சொன்னேன். “பயப்படாதீங்கக்கா. துறையில ஒரு மனு குடுங்க. நகர்த்திடுவாங்க.”



“எந்தப் பக்கமாம்மா நகர்த்துவாங்க?”

குழந்தை விழித்துவிடாதபடி மெதுவாகத் தாழ்ப்பாளைப் போட்டேன்.