சிறுநீரக டாக்டருக்கு மூன்று அருவி

தென்காசி

மரியாதைக்குரிய வீரபாகு அத்தானுக்கு, மகாதேவன் வணங்கி எழுதுவது. இங்கே நானும் குற்றாலச் சாரலும் சுகம். வீரகேரளம்புதூரில் நீங்களும் அக்காவும் சுகமாக இருக்க வேண்டும். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள். அக்கா காதில் விழும். ஆகவே கடிதம். தனியாக வாசியுங்கள்.

எங்கள் டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் மெஷின்கள் உறை பிரிக்காமல் நிற்பது உங்களுக்குத் தெரியும். ஒரு சிறுநீரக டாக்டர் மட்டும் கிடைத்துவிட்டால், அக்கா வாரம் மூன்று முறை திருநெல்வேலிக்கு பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு போய்வர வேண்டியதில்லை. சென்னையில் வேலை பார்க்கும் டாக்டர் சாம், மனைவி பிரிசில்லாவோடு ஒருநாள் வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார். உடனே எங்கள் டிரஸ்ட் மெம்பர் துல்கர்னைன் களத்தில் இறங்கிவிட்டார். துபாயில் ஒரு கம்பெனிக்கு ஆள் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர் அல்லவா? "அண்ணாச்சி, ஸ்பெஷலிஸ்ட் எடுக்கது ஒரு புராஜெக்ட்டு. ரிஸ்க், ஸ்டாஃப், கம்யூனிகேஷன். மூணையும் சரியாப் பிடிச்சா ஆளு நம்மாளு" என்றார். ரிஸ்க் என்பது, டாக்டருக்கு ஊர் பிடிக்காமல் போவது. ஸ்டாஃப் என்பது நாங்கள்தான்: ரயிலடியில் வரவேற்க துல்கர்னைன், மதியச் சாப்பாட்டுக்கு டிரஸ்ட் தலைவர் ஆவுடைநாயகம் அண்ணாச்சி, சாயங்காலம் இண்டர்வியூவுக்கு அழைத்துவர நான். பத்திரிகையில் செய்தி எழுதி ஓய்வு பெற்றவன் என்பதால் கம்யூனிகேஷனும் என் தலையில் விழுந்தது. யார் என்ன செய்தாலும் எனக்குத் தகவல் சொல்ல வேண்டும். ஒருவரும் சொல்லவில்லை. சீசனில் வந்த விருந்தாளியை அருவிக்குக் கூட்டிப்போவதை நம் ஊரில் யாராவது தகவல் என்று நினைப்பார்களா?

காலையில் துல்கர்னைன் அவர்களை ரயிலடியிலிருந்து நேரே ஐந்தருவிக்குக் கொண்டுபோய் ஆசைதீரக் குளிக்க வைத்து, மேலகரம் லாட்ஜில் விட்டிருக்கிறார். தலை துவட்டுவதற்குள் அண்ணாச்சியின் கார் வந்து நின்றிருக்கிறது. "குளிச்சிட்டோம் சார்" என்று டாக்டர் கெஞ்சியிருக்கிறார். "ஐந்தருவியா? அது சின்னப்பிள்ளைய குளிக்க இடம்லா! மெயினருவியில தலையக் குடுக்காம குத்தாலத்துக்கு வந்தேன்னு சொல்லப்படாது" என்று அண்ணாச்சி ஆள் வைத்து உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்து, அந்தப் பேரருவியில் நிறுத்தி, பிறகு கோழிக்குழம்பும் பரோட்டாவும் போட்டிருக்கிறார். இது எதுவும் தெரியாத நான் போனபோது டாக்டரின் கண்கள் சிவந்திருந்தன. பயணக் களைப்பு என்று நினைத்தேன். களைப்புக்கு மருந்து பழைய குற்றால அருவிதானே, அத்தான்? அங்கே கூட்டமும் குறைவு. அவர் துண்டை எடுத்துக்கொண்டு வந்து மூன்றாவது அருவியிலும் தலையைக் கொடுத்தார். இண்டர்வியூவில் இதுவும் ஒரு பகுதி போலிருக்கிறது என்று நினைத்தாராம்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் அண்ணாச்சி தொண்டையைக் கனைத்து, "டாக்டர், நம்ம ஊரு எப்படி இருக்கு?" என்று முதல் கேள்வியைக் கேட்டார். பதிலாகக் குறட்டை வந்தது. ஹெட் நர்ஸ் வித்யாலட்சுமி ஓடிவந்து நாடி பார்த்து, பிரஷர் பார்த்து, "எல்லாம் நார்மலா இருக்கு. தூங்குதாவ, அவ்வளவுதான்" என்றாள். துல்கர்னைன் முகம் வெளுத்துவிட்டது. "இந்த ரிஸ்க்க நாம யோசிக்கவே இல்லையே அண்ணாச்சி." "ஐந்தருவிக்கு ஒம்மை யாருவே கூட்டிட்டுப் போகச் சொன்னா?" "நீங்க எண்ணெய் தேய்ச்சதுதான் ஆள அமத்திட்டு!" என்று இருவரும் கிசுகிசுத்துச் சண்டை போட்டார்கள். சத்தம் போட்டால் டாக்டர் விழித்துவிடுவார் என்று இண்டர்வியூ எடுக்க வந்தவர்களே பயந்தது விசித்திரம். ரயிலுக்கு நேரமாகி மனைவி உலுக்கிய பிறகுதான் எழுந்தார். வெட்கத்தில் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "ஊருக்குப் போயிட்டுப் பேசுறோம்" என்றார் அந்த அம்மா. பெண் பார்க்க வந்தவர்கள் இதைச் சொன்னால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியாததா?

ஆகவே, டாக்டர் இல்லை. அக்கா இனியும் திருநெல்வேலிக்குத்தான் போகவேண்டும். இதை அவளிடம் பக்குவமாகச் சொல்லும் பொறுப்பு உங்களுடையது. எனக்குத் தைரியம் இல்லை. கம்யூனிகேஷன் பதவியை இன்று ராஜினாமா செய்துவிட்டேன். குற்றாலநாதர் அக்காவுக்கு நல்ல உடம்பையும், உங்களுக்குப் பொறுமையையும், எங்கள் மூவருக்கும் கொஞ்சம் புத்தியையும் தரட்டும்.

தங்கள் மைத்துனன்,
மகாதேவன்

பி.கு.: உறையை ஒட்டும்போது டாக்டரின் மனைவியே போன் செய்தார். "சார், ராத்திரி டூட்டி பார்த்துப் பார்த்து அவருக்குத் தூக்கமே போச்சு. மாத்திரை இல்லாம இப்படித் தூங்கி நான் பார்த்ததே இல்ல. சம்பளம் எந்த ஊர்லயும் கிடைக்கும். நாங்க வர்றோம், வீடு பாருங்க" என்றார். ஒன்றாம் தேதி சேர்கிறார். இனி யாரும் அவரைக் குளிக்கக் கூப்பிடக் கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை. மேலே எழுதிய எதையும் அக்காவிடம் சொல்ல வேண்டாம். பின்குறிப்பை மட்டும் உரக்க வாசித்துக் காட்டுங்கள். ராஜினாமாவை வாபஸ் வாங்கிக்கொண்டு நிபந்தனையை அண்ணாச்சியிடம் தெரிவித்தேன். "அது எப்படிவே? புலியருவி இன்னும் பாக்கி இருக்குல்லா?" என்கிறார்.