ஆனந்திக்கு லேப்டாப் வாங்கத் தாமதமான காரணம்

சின்னக்கானல்,
சனிக்கிழமை

பெருமாட்டியில் இருக்கும் அன்புள்ள அக்கா சுருளியம்மாளுக்கு, தம்பி பெரியமுத்து வணங்கி எழுதுவது.

உன் முதுகுவலி, அத்தானின் சர்க்கரை, தென்னையில் விழுந்த பூச்சி மூன்றும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம். மழை விட்டுவிட்டது, என் முழங்கால்தான் அதை இன்னும் நம்பவில்லை.

புதன்கிழமை நீ போனில், "ஏன்டா, தாயில்லாப் புள்ள ரெண்டு மாசமா ஒரு லேப்டாப் கேக்குது. ரிட்டையராகி ஊட்ல சும்மாதான உக்காந்திருக்க? வாங்கித் தர்றதுக்கு என்ன?" என்று கேட்டுவிட்டு வைத்தாய். அதற்குப் பதிலைப் போனில் சொல்ல முடியாது. நீ ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாய். அத்தான், மருமகள், பால் எடுக்க வருகிறவர் எல்லோரும் சேர்ந்து கேட்பார்கள். அதனால் எழுதுகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

ஆனந்தி கோயம்புத்தூரில் கட்டடம் வரையும் படிப்புக்குச் சேர்ந்து இது மூன்றாம் வருடம். முதல் இரண்டு வருடம் பெரிய தாளில் ஸ்கேல் வைத்துக் கையால் வரைந்தாள். இப்போது எல்லாமே கம்ப்யூட்டரில். அவளிடம் இருந்த பழைய லேப்டாப் கடிதம் அடிக்கத்தான் லாயக்கு. "ஒரு கோடு போட்டா, நான் போய் டீ குடிச்சிட்டு வந்தப்புறம்தான்ப்பா அது ஸ்க்ரீன்ல தெரியுது" என்றாள். பணம் ஒரு தடை இல்லை, கிராஜுவிட்டி பாங்கில் கிடக்கிறது. தடை வேறு.

கற்பகம் இருந்தவரை போன் பேசுவது அவள் வேலை. பிள்ளை கூப்பிட்டால் நான் எடுத்து, "இந்தா, அம்மாட்ட குடுக்கேன்" என்பேன். அத்தோடு என் பங்கு முடிந்தது. அவள் போய் இரண்டு வருடமாகிறது. போன் அடித்தால் நான்தான் எடுக்கிறேன், கொடுப்பதற்கு ஆள் இல்லை. "சாப்ட்டியாப்பா?" "சாப்ட்டேன். நீ?" "சாப்ட்டேன். வேற என்னப்பா?" "வேற ஒண்ணுமில்ல தாயி." "சரி, வச்சிரட்டுமா?" இவ்வளவுதான் பேச்சு. வாரத்துக்கு ஒரு தடவை, அதுவும் ஒரு நிமிடம் தாண்டாது. அப்புறம் அடுத்த ஞாயிறு வரை இந்த வீட்டில் சத்தம் போடுவது பிரஷர் குக்கர் மட்டும்தான்.

அப்படி இருக்கையில் ஒருநாள் கூப்பிட்டு, "வரையிறதுக்கு நல்ல லேப்டாப் வேணும்ப்பா. ராம் பதினாறு ஜிபி இருக்கணும், கிராபிக்ஸ் கார்டு தனியா இருக்கணும்" என்றாள். நான் தெரியாத்தனமாக, அது எதுக்குத் தனியாக என்று கேட்டுவிட்டேன். அவள் விளக்க ஆரம்பித்தாள். வரைபடத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டுகிற பாரம் முழுக்க அந்தக் கார்டு மேல்தான் விழுமாம். "அப்ப நம்ம டீ ஃபாக்டரில கொழுந்து உருட்டுற மெஷினுக்குத் தனி மோட்டார் வச்ச மாதிரி. எல்லாத்தையும் ஒரே மோட்டார்ல பெல்ட் போட்டு ஓட்டுனா இழுக்காது" என்றேன். "அப்பா, எங்க சாரே இவ்வளவு தெளிவாச் சொல்லலப்பா" என்று சிரித்தாள். முப்பத்தொரு வருடம் ஃபிட்டராக இருந்ததில் என் வேலையைப் பற்றி நான் சொல்லி அவள் கேட்டது அன்றுதான். போனை வைத்ததும் பார்த்தேன், இருபத்தேழு நிமிடம் பேசியிருக்கிறோம்.

மறுநாள் மூணாறில் பஸ் மாறி அடிமாலி போனேன். கடைப் பலகையில் 'ஜிபி கம்ப்யூட்டர்ஸ்' என்று இருந்தது. சரியான இடம்தான் என்று உள்ளே போய், "பதினாறு ஜிபி வேணும்" என்றேன். கடையில் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "சேட்டா, இங்க ஒரே ஒரு ஜிபிதான். அது ஞானாக்கும்" என்றார். அவர் பேர் ஜிபியாம். மனிதர் தங்கமானவர், டீ வாங்கிக் கொடுத்து நாலைந்து லேப்டாப்பை எடுத்து வைத்தார். நான் எதையும் வாங்காமல் திரும்பி வந்து, ஆனந்தியைக் கூப்பிட்டு, அதில் ஸ்க்ரீன் பளபளவென்று முகம் தெரிகிறதே, அது ஆகுமா என்று கேட்டேன். அன்று நாற்பத்தோரு நிமிடம்.

அக்கா, அதற்குப் பிறகு நடந்தது என் குற்றம். ஒவ்வொரு தடவையும் ஒரு சந்தேகம் கொண்டுவந்தேன். ஃபேன் சத்தம் போடுமா, எடை தோளுக்கு ஒத்து வருமா, சூடு எந்தப் பக்கமாக வெளியே போகும், எஸ்எஸ்டி என்றால் என்ன. சந்தேகம் தீர்ந்துபோன நாளில் அடிமாலிக்குப் போய்ப் புதிதாக ஒரு சந்தேகத்தோடு திரும்பினேன். ஐந்தாம் தடவை ஜிபி, "சேட்டா, என்ட அப்பன் எனக்குப் பொண்ணு பார்க்கவும் இத்தன தடவ போகலை" என்றார். ஆனந்தி அலுத்துக்கொள்ளவே இல்லை. இப்போது தினமும் அவளே கூப்பிடுகிறாள். ரெண்டு பக்கமும் வெளிச்சம் வருகிற மாதிரி எஸ்டேட் லயத்து வரிசை வீடு ஒன்றை வரைந்துகொண்டிருப்பதாகச் சொன்னாள். நம் லயத்தில் அடுப்புப் புகை எந்த ஜன்னல் வழியாகப் போகும் என்று கேட்டாள். ஜன்னலே கிடையாது தாயி, கதவு வழியாகத்தான் போகும் என்றேன்.

முழுதாகச் சொல்லிவிடுகிறேன். லேப்டாப் போன செவ்வாய்க்கிழமையே வாங்கியாயிற்று. பஸ்ஸில் பச்சைப் பிள்ளையை வைத்திருப்பதுபோல் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். அன்று ராத்திரி அவள் "வந்திருச்சாப்பா?" என்றபோது, "இன்னும் ஸ்டாக் வரல தாயி" என்று சொன்னேன். அதைக் கொடுத்துவிட்டால் எனக்குப் பேச என்ன இருக்கிறது? புதனும் அதையே சொன்னேன். நேற்றும் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டே அதையே சொன்னேன். வருகிற வெள்ளிக்கிழமை அவளுக்கு ஜூரியாம். வரைந்ததையெல்லாம் சுவரில் மாட்டி, ஆசிரியர்கள் சுற்றி நின்று கேள்வி கேட்பார்களாம். "சரிப்பா, பரவால்ல. நான் சமாளிச்சிக்கிறேன்" என்றாள். கற்பகம் ஆஸ்பத்திரியில் சொன்னதும் இதே வார்த்தைதான். அதற்குமேல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே நாளைக் காலை முதல் பஸ்ஸில் கோயம்புத்தூர் போய் அவள் கையில் கொடுத்துவிடுகிறேன். ஜூரி முடியும்வரை அங்கே தங்கி, திரும்பும்போது பொள்ளாச்சியில் இறங்கி உன் வீட்டுக்கு வருவேன். திட்டுவதை அப்போது வைத்துக்கொள். அதற்குள் ஒரு உதவி செய். நீ மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்தவள், தினமும் அவர்களோடு மணிக்கணக்கில் பேசுகிறாய். வளர்ந்த பெண்ணிடம் தகப்பன் என்னென்ன பேசலாம் என்று ஐந்தாறு விஷயம் ஒரு தாளில் எழுதி வை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அத்தானுக்கு என் வணக்கம். மருமகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி,
பெரியமுத்து

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் மனசு கேட்காமல் ஆனந்தியைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிட்டேன். அவள், "அப்பா, என்கிட்ட லேப்டாப் இருக்குப்பா. சீனியர் அக்கா ஒருத்தங்க படிப்பு முடிச்சிப் போகையில அவங்களோடதக் குடுத்துட்டுப் போனாங்க. நீ ஜிபி கடைக்கு ரெண்டாந்தடவ போன வாரமே" என்றாள். ஜூரிக்கு வேண்டியதெல்லாம் அதிலேயே வரைந்து முடித்துவிட்டாளாம். "பெறகு எதுக்குத் தாயி தினம் கேட்ட?" என்றேன். "கேக்கலன்னா நீ பேச மாட்டியேப்பா" என்றாள்.

ஆகவே நாளை நான் கோயம்புத்தூருக்குப் போகவில்லை, உன் வீட்டுக்கும் வரவில்லை. ஜூரி முடிந்ததும் அவளே பஸ் ஏறி இங்கே வருகிறாள். நீ எதையும் எழுதி வைக்க வேண்டாம். அவள் அதைச் சொன்னபிறகு எங்கள் இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை. ஆனாலும் வெகுநேரம் யாரும் போனை வைக்கவில்லை.