முறைப் பலகை

லவெல் தர்குட் துடைத்து முடித்த படிக்கட்டை ஃப்ராவ் ஹேஃபலே மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு படிக்கும் துணியை அலசிப் பிழிந்து, அவர் பார்க்கவேண்டும் என்றே துடைத்தார்.

"நான் துடைச்சிட்டேனே, ஃப்ராவ் ஹேஃபலே."

"தெரியுது. அதனாலதான் துடைக்கிறேன்."

ஜெர்மனியில், கோப்பிங்கன் ஊரில் அந்த ஆறு குடித்தனக் கட்டடத்தில் ஒரு மரப்பலகை உண்டு. வாரம் ஒரு கதவில் தொங்கும். எந்தக் கதவில் தொங்குகிறதோ, அந்த வீட்டார் அந்த வாரம் படிக்கட்டும் நிலவறை நடையும் வாசல் நடைபாதையும் பெருக்கித் துடைக்கவேண்டும். இந்த வாரம் பலகை கீழ்வீட்டு ஹேஃபலே கதவில் தொங்கியது. அந்த அம்மாளுக்கு எழுபத்தாறு வயது, முழங்காலில் கட்டு. அதைப் பார்த்து மனம் இளகிய லவெல், காலை ஆறு மணிக்கே வாளியோடு இறங்கிவிட்டார்.

"என் படியில என்ன அழுக்கைக் கண்டீங்க?"

"அழுக்கே இல்லைங்க. உங்க முழங்கால்தான்..."

"முழங்கால் என்னோடது. படியும் இந்த வாரம் என்னோடது."

லவெல் வாளியைத் தூக்கிக்கொண்டு மாடியேறினார். அவர் மனைவி ஆர்டித் கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"நல்லது செய்யப் போனீங்களாக்கும்?"

"ஊழியம்னு வந்துட்டு வேற என்ன செய்யச் சொல்ற?"

ஐடஹோவில் உருளைக்கிழங்குப் பண்ணையை மகன்களிடம் விட்டுவிட்டு, பதினெட்டு மாத சபை ஊழியத்துக்கு வந்த தம்பதி அவர்கள். திங்கட்கிழமை இளம் ஊழியர்கள் தங்கும் அறைகளுக்குப் போய், குளிர்பெட்டியில் முளைத்திருப்பதை எல்லாம் அப்புறப்படுத்துவார்கள். புதன்கிழமை ஜெர்மன் வகுப்பு. வியாழன் பாடகர் குழு. குழுவில் மொத்தம் ஐந்து குரல், அதில் இரண்டு இவர்களுடையது. வெள்ளிக்கிழமை நாற்பத்தொரு பேரப்பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரு நீண்ட கடிதம். சனிக்கிழமை ஆராதனைக் கூடத்தைச் சுத்தம் செய்வது. ஞாயிறு ஆராதனை.

ஞாயிறுதான் லவெலுக்குச் சங்கடமான நாள். ஆர்டித் தன் பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்து இடம் பிடிப்பாள். "நம்ம கட்டடத்துலேர்ந்து யாராவது வந்தா உட்கார எடம் வேணுமில்ல?" என்பாள். எழுபத்திரண்டு ஞாயிறு போயிருந்தது, ஒருவரும் வரவில்லை. இத்தனை பிரசங்கம் கேட்டதற்கு அந்தக் கைப்பைக்கே ஞானஸ்நானம் கொடுத்திருக்கலாம் என்று லவெல் ஒருமுறை வேடிக்கையாகச் சொன்னார். ஆர்டித் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கடைசி ஜெபம் முடிந்ததும் அவள் கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொள்வதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு நெஞ்சு வலித்தது. ஊர் திரும்ப இன்னும் ஆறு ஞாயிறுகள்தான் இருந்தன. அதற்குள் ஒரே ஒரு ஆளாவது அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிடவேண்டும்.

அதற்கும் சேர்த்துத்தான் ஹேஃபலேயின் படிக்கட்டைத் துடைத்தார். இப்போது அந்த அம்மாளே பகை.

சமாதானத்துக்கு ஆர்டித் ஒரு தட்டு பிஸ்கட் சுட்டுக் கொடுத்தனுப்பினாள். மறுநாளே ஹேஃபலே தன் நீலப்பூத் தட்டில் செர்ரி கேக் கொண்டுவந்து தந்தார். "கணக்கு தீர்ந்தது" என்றார். கேக்கை வெட்டியதும் வாடை குப்பென்று அடித்தது. உள்ளே செர்ரிப் பழத்தைவிடச் செர்ரிச் சாராயம்தான் அதிகம். இவர்கள் சபையில் காப்பியே ஆகாது.

"தூக்கிப் போட்டா பாவம்," என்றாள் ஆர்டித்.

"தின்னாலும் பாவம்," என்றார் லவெல்.

எதிர்வீட்டு ராப்புக்குக் கொடுத்தார்கள். ஓய்வுபெற்ற கடிகாரக்காரர், பதினேழு மாதத்தில் இவர்களிடம் "ம்" என்பதைத் தவிர வேறு சொல் பேசாதவர். கேக்கை வாங்கிக்கொண்டு "ம்" என்றார். தின்று முடித்தவர், தட்டு யாருடையது என்று அந்தக் கட்டடத்துக்கே தெரியுமாதலால், அதைக் கழுவி நேராக ஹேஃபலே கதவடியில் வைத்துவிட்டார்.

அன்று மாலை ஹேஃபலே மாடியேறி வந்தார். "என் கேக் உங்களுக்கு ஆகலை. என் படி ஆகலை. வேற என்ன ஆகலைன்னு ஒரேயடியா சொல்லிடுங்க."

அடுத்த வாரம் பலகை ராப் வீட்டுக் கதவுக்கு வந்தது. ஹேஃபலேயை மட்டும் குறை சொன்ன மாதிரி இருக்கக்கூடாதே என்று லவெல் யோசித்தார். ராப்பின் முறையையும் செய்துவிட்டால், இது எல்லோருக்கும் செய்கிற உதவி என்று ஆகிவிடுமல்லவா? விடியற்காலை ஐந்து மணிக்குச் செய்து முடித்தார். ராப் கதவைத் திறந்து பளபளக்கும் படிகளைப் பார்த்தார். "ம்" கூடச் சொல்லாமல் கதவை மூடிக்கொண்டார்.

"அந்த மனுஷனை என்ன பாடு படுத்திட்டீங்க," என்றார் ஹேஃபலே. "அவர் முறையை வேற ஆள் செஞ்சதால, ராப் படுத்த படுக்கையாயிட்டார்னு ரொட்டிக் கடையில பேசிக்கிறாங்க. ரெண்டு பேர் மலர்க்கொத்து விலை விசாரிச்சாங்களாம்."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தாயிற்று. இனி என்ன செய்வது என்று லவெல் மனைவியைக் கேட்டார்.

"ரெண்டு வீட்டை அவமானப்படுத்தியாச்சு. மிச்சம் மூணு வீட்டையும் பண்ணிடுங்க. எல்லாருக்கும் சமமா நடந்தா அது அவமானமில்லை, வழக்கம்."

ஆர்டித் கேலியாகத்தான் சொன்னாள். லவெல் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த மூன்று வாரமும் விடிவதற்குள் எழுந்து, பலகை தொங்கியவர் விழிப்பதற்குள் வேலையை முடித்தார். உற்சாகம் மிஞ்சிப்போய்க் குப்பைத் தொட்டி மூடிகளுக்கு மெழுகும் போட்டார். ஐந்தாவது வாரம் முடிந்தபோது கட்டடத்தில் அவருக்கு வணக்கம் சொல்ல ஓர் உயிர் மிச்சமில்லை. ஆராதனைக் கூடத்தில் கைப்பை தன் இடத்தில் பத்திரமாக இருந்தது.

ஆறாவது வாரம் பலகை அவர் கதவுக்கே வந்தது. கூடவே ஹேஃபலேயும், பின்னால் மற்ற நான்கு வீட்டாரும் ஆளுக்கொரு துடைப்பத்தோடு வந்தார்கள்.

"அஞ்சு வாரம் எங்க முறையை நீங்க செஞ்சிருக்கீங்க," என்றார் ஹேஃபலே. "இந்த வீட்டுல யாரும் யாருக்கும் பாக்கி வைக்கிறதில்லை. உங்க முறையை நாங்க செய்யறோம். தள்ளுங்க."

"நான் காலையிலயே செஞ்சிட்டேனே," என்றார் லவெல்.

ஐந்து துடைப்பங்களும் மெல்லத் தரையில் இறங்கின. ராப் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியோரங்களை எல்லாம் ஆராய்ந்தார். ஒரு தூசி அகப்படவில்லை. எல்லோரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பிப் போனார்கள்.

அன்று இரவு லவெல் கணக்குப் போட்டுப் பார்த்தார். பாக்கியைத் தீர்க்க வழி கிடைத்தால் இவர்கள் முகம் மலரும். மலர்ந்தால் ஞாயிற்றுக்கிழமை ஒருவராவது வரக்கூடும். ஆனால் தீர்க்க அழுக்கு வேண்டுமே. மறுநாள் விடியற்காலை அவர் தன் ஜெரேனியப் பூந்தொட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, மேல்படியிலிருந்து கைப்பிடி கைப்பிடியாக மண்ணைத் தூவிக்கொண்டே இறங்கினார். உருளைக்கிழங்கு விதைத்த கையாதலால் சீராகவே விழுந்தது. கடைசிப் படிக்கு வந்தபோது ஹேஃபலே எதிரே நின்றார்.

அவர் மண்ணைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், லவெலைப் பார்த்தார்.

"உடம்புக்கு ஏதாவதா, ஹெர் தர்குட்?"

லவெலுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"உங்களுக்குக் கூட்ட ஏதாவது இருக்கட்டும்னுதான் போட்டேன். எனக்குப் பெருக்க ஆள் வேண்டாம், அம்மா. என் வேலையில தீராம நிக்கிறது ஒண்ணே ஒண்ணுதான். சபையில என் பெண்டாட்டி பக்கத்துல ஒரு நாற்காலி. ஒன்றரை வருஷமா கைப்பையை வச்சு எடம் பிடிக்கிறா. வர்ற புதன்கிழமை ஊருக்குப் போறோம். அது கடைசிவரைக்கும் காலியாவே இருந்துடுமோன்னு பயமா இருக்கு. அதைத் துடைப்பத்தால தீர்க்க முடியுமா, சொல்லுங்க."

ஹேஃபலே தொட்டியை வாங்கி ஓரமாக வைத்தார். பிறகு ஒரு துடைப்பத்தைக் கொண்டுவந்து லவெல் கையில் கொடுத்தார்.

"போட்டவர் கூட்டணும். இந்த வாரம் உங்க முறை."

ஞாயிறு வந்தது. ஆர்டித் வழக்கம்போலக் கைப்பையை வைத்தாள். முதல் பாட்டு ஆரம்பிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது கதவு திறந்தது. கறுப்புக் கோட்டில் ஹேஃபலே, பின்னால் ராப், அவர்களுக்குப் பின்னால் மற்ற மூன்று வீட்டார்.

ஹேஃபலே நேராக வந்து நாற்காலியின் அடியில் விரலைத் தேய்த்துத் தூசி பார்த்தார். கைப்பையை எடுத்து ஆர்டித்திடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். மற்ற நால்வரும் பின்வரிசையில் விறைப்பாக அமர்ந்தார்கள். ராப் ஒரு சிறு நோட்டை எடுத்துக் கடிகாரத்தைப் பார்ப்பதும் ஏதோ குறித்துக்கொள்வதுமாக இருந்தார். சபைத் தலைவருக்குப் பிரசங்கத்தில் இரண்டு முறை நாக்குக் குழறியது. ஆர்டித்துக்குப் பாட்டுப்புத்தகமே தெரியவில்லை, கண்ணீர் மறைத்தது. லவெல் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பதினெட்டு மாதமும் இந்த ஒரு மணிக்காகத்தான் என்று அவருக்குத் தோன்றியது.

கடைசி ஜெபம் முடிந்ததும் ஆர்டித் ஹேஃபலேயின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"எது உங்க மனசைத் தொட்டுச்சு? பாட்டா, பிரசங்கமா?"

"ரெண்டும் கொஞ்சம் நீளம்," என்றார் ஹேஃபலே. எழுந்து தன் பையைத் திறந்து, கட்டடத்தின் மரப்பலகையை எடுத்து அந்த நாற்காலி முதுகில் மாட்டினார். "அஞ்சு வாரம் உங்க வீட்டுக்காரர் செஞ்சார். அஞ்சு ஞாயிறு நாங்க உட்காரணும். இன்னைக்கு என் முறை. மத்தவங்க வேலையைப் பாத்துக் கத்துக்க வந்தாங்க."

"ஆனா நாங்க புதன்கிழமை போயிடுவோமே," என்றாள் ஆர்டித்.

ராப் நோட்டை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். பதினெட்டு மாதத்தில் முதல்முறையாக வாயைத் திறந்து பேசினார்.

"போங்க, நாற்காலி இங்கதானே இருக்கு, அடுத்த ஞாயிறு என் முறை, அதுக்கு முன்னால வந்து யாரும் உட்கார்ந்துட வேண்டாம்."