பூஜ்ஜிய அங்குலத் தெரு

மழைநீர் எங்கே தேங்குகிறதோ அங்கேதான் வடிகால் கட்ட வேண்டும் என்று நகரமன்றம் ஒருமனதாகத் தீர்மானித்தது. இந்த அரிய உண்மையைக் கண்டடைய மூன்று கூட்டங்களும் ஒரு வல்லுநர் குழுவும் தேவைப்பட்டன. ஒதுக்கிய நிதியோ ஒரே ஒரு தெருவுக்குத்தான் போதும். எந்தத் தெரு என்று முடிவு செய்ய ஒரு படிவம் வேண்டியிருந்தது. அதைத் தயாரிக்கும் மாபெரும் பொறுப்பு, வேலைக்குச் சேர்ந்து எட்டே மாதமான இளநிலைப் பொறியாளன் தலையில் விழுந்தது.

வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் அவன். ஒரு காற்புள்ளி போடவும் பயப்படுவான். அவன் தெருவில் ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் இடுப்பளவு நிற்கும். போன மழையில் அம்மாவின் தையல் மெஷின் மோட்டார் போயிற்று. பழுது பார்த்துக் கொடுத்தவர், "இன்னொரு தடவை நனைஞ்சா தூக்கிப் போட வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டார்.

"இந்தத் தடவையாவது நம்ம தெருவுக்குக் கட்டச் சொல்லுடா," என்றாள் அம்மா.

"அப்படியெல்லாம் சொல்லக் கூடாதும்மா. எல்லாம் முறைப்படி நடக்கணும்."

முறைப்படி நடக்க அவன் இரண்டு விதிகள் எழுதினான். தெருக்காரர்கள் கூட்டிச் சொல்வார்கள். எனவே, அதிகாரி நேரில் நின்று அளந்த ஆழம் மட்டுமே செல்லும். எந்த அதிகாரியும் தன் சொந்தத் தெருவை அளக்கக் கூடாது.

தலைமைப் பொறியாளர் படித்துவிட்டு அவன் முதுகில் தட்டினார். "பிரமாதம் தம்பி! ஓட்டையே இல்ல." நகரத்து வடிகால்களையும் அவர் இப்படித்தான் கட்டியிருந்தார்.

மழை வந்தது. அவன் தெருவை அளக்கத் தலைமைப் பொறியாளரே ஜீப்பில் புறப்பட்டார். குறிப்பெடுக்க அவனும் கூடப் போனான். தெருமுனை மேட்டில் ஓட்டுநர் வண்டியை நிறுத்தினார்.

"சார், இதுக்கு மேல போனா இன்ஜினுக்குள்ள தண்ணி ஏறிடும்."

"இறங்கிப் போகலாமே சார்," என்றான் இவன்.

தலைமைப் பொறியாளர் தன் ஷூவைப் பார்த்தார். "படிவத்துல என்ன போட்டிருக்கே?"

"அதிகாரி நேர்ல நின்னு அளக்கணும்னு."

"நான் எங்க நிக்கிறேன்?"

"இங்க... மேட்டுல."

"இங்க எவ்வளவு தண்ணி?"

அவன் குனிந்து பார்த்தான். எவ்வளவு பார்த்தும் தண்ணீர் வரவில்லை. "இல்ல சார்."

"எழுது. பூஜ்ஜியம்."

"சார், அதோ எங்கப்பா இடுப்பளவு தண்ணில நிக்கிறாரு. நம்மளப் பார்த்துக் கை காட்டுறாரு."

"அவர் அதிகாரியா?"

"தச்சு வேலை சார்."

"அப்ப அவர் நின்னா செல்லாது. உன் விதிதானே?"

அவன் விதிதான். மேட்டில் நின்றபடி அப்பாவுக்குக் கையசைத்துவிட்டுப் பூஜ்ஜியத்தை வட்டமாகப் போட்டான்.

நகரம் முழுக்க இதே கதை. தண்ணீர் நின்ற தெருவுக்குள் ஜீப் போகவில்லை; ஜீப் போன தெருவில் தண்ணீர் நிற்கவில்லை. கடைசியாக மிஞ்சியது தலைமைப் பொறியாளரின் தெரு. அதை அவர் அளக்கக் கூடாதல்லவா? இவன் போனான். ஜீப் வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. ஒரு வீட்டு வாசலில் யாரோ கார் கழுவிய குட்டை. அளந்தான். இரண்டு அங்குலம். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்கப் படிவத்தில் இடமில்லை. பொய் எழுத அவனுக்குக் கை வரவில்லை. இரண்டு என்றே எழுதினான்.

நகரிலேயே அதிக வெள்ளம் பாதித்த பகுதியாக அந்தத் தெரு அறிவிக்கப்பட்டு, வடிகால் கட்டப்பட்டது. பூஜ்ஜியம் வாங்கிய தெருக்களுக்கு 'வெள்ளமற்ற தெரு' என்ற பலகை கிடைத்தது. வெயில் நாளாகப் பார்த்து, அவன் வீட்டெதிரே முழங்கால் உயரக் கம்பத்தில் அதை நட்டுவிட்டுப் போனார்கள்.

அவனால் அதைக் கண்கொண்டு பார்க்க முடியவில்லை. கடைசியில் தலைமைப் பொறியாளர் முன்னால் போய் நின்றான்.

"படிவம் தப்பு சார். தப்பு என்னோடதுதான்."

"அதுக்கென்ன தம்பி? தெருக்காரங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டு மனு குடுக்கட்டும். திரும்ப அளந்துடலாம்."

மனுவை எழுதி எடுத்துக்கொண்டு கிளம்பியபோது அடுத்த மழை பிடித்துக்கொண்டது. காகிதத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி தண்ணீரில் நடந்தே வீடு சேர்ந்தான். மாடிப்படியில் அப்பா, பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன், இன்னும் நாலைந்து பேர். எல்லோருக்கும் மேலே, மடியில் தையல் மெஷினோடு அம்மா.

"பலகையை எடுத்துட்டு நம்ம தெருவைத் திரும்ப அளக்கச் சொல்லி மனு. எல்லாரும் ஒரு கையெழுத்துப் போடுங்க."

"பலகையை எடுக்கறதா? உனக்கென்ன கிறுக்கா?" அப்பா பதறி, எலக்ட்ரீஷியனைக் காட்டினார். "அதைப் பார்த்துட்டுத்தான் இவர் வீட்டை ரெண்டு மடங்கு விலைக்குக் கேட்டுட்டுப் போயிருக்காங்க!"

"தண்ணி ரெண்டு நாள்ல வடிஞ்சிடும் தம்பி," என்றார் எலக்ட்ரீஷியன். "பேர் போச்சுன்னா வருமா?"

அவன் அம்மாவைப் பார்த்தான். "மெஷின் நனையுமேம்மா."

"நனைஞ்சா நனையட்டும்டா. வீட்டை வித்தா பத்து மெஷின் வாங்கலாம்."

"வாங்கறவங்க மழையில வந்து பார்த்தா?"

"மழையில யாருடா இந்தத் தெருவுக்குள்ள வருவாங்க? உங்க சாரே வரலையே!"

மனுவைத் திருப்பி, பின்பக்கத்தில் வேறொரு மனு எழுதச் சொன்னார்கள். அந்தத் தெருவிலேயே பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். படியில் இடமில்லாததால் தண்ணீரில் நின்றபடியே எழுதினான்:

'மழைக்காலங்களில் எங்கள் தெருவின் "வெள்ளமற்ற தெரு" பலகை மூழ்கிவிடுவதால், அதை இரண்டடி உயர்த்தித் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.'