எஸ்கேப் விசையின் அதிகார வரம்பு

பதிவேடுகள் அலுவலகத்தின் லினக்ஸ் கணினிகளில் கறுப்புத் திரையில் ஓடும், ‘எடிட்டர்’ என்ற ஒரு பழைய எழுது மென்பொருளை நிறுவுவதென்று உயர்மட்டக் கூட்டத்தில் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. இயக்குநர் போன ஏதோ மாநாட்டில், விவரம் தெரிந்தவர்கள் மவுஸைத் தொடுவதில்லை என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அவருக்கு மவுஸைக் கண்டாலே ஆகவில்லை.

பொறுப்பு, அலுவலகக் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் ‘கணினி அக்கா’வின் தலையில் விழுந்தது. ஆறு வருடமாகத் தற்காலிகப் பணியில் காலம் தள்ளுகிறவள். வீட்டில் வேலை போன கணவர், கல்லூரிக்குப் போகும் மகள்.

"இதை ஒழுங்கா முடிச்சுக் குடும்மா. உன் நிரந்தர ஆர்டர்ல கையெழுத்துப் போட்டுடறேன்" என்றார் இயக்குநர். அவள் ஏன் மாட்டேன் என்று சொல்லப் போகிறாள்?

நிறுவ ஒரே ஒரு கட்டளை. நாற்பது நொடியில் முடிந்தது. பிறகு அமைப்புக் கோப்பில் வரி எண் தெரிய ஒரு வரி, வண்ணத்துக்கு ஒரு வரி. இந்த இரண்டு வரிகளுக்கு மூன்று வாரம் ஆயிற்று. பின்னணி கறுப்பா நீலமா என்று ஆராய ஓர் உபகுழு. தன் திரையிலும் கடைநிலை ஊழியர் திரையிலும் வரி எண் ஒன்றிலிருந்தே தொடங்குவது பதவிக்கு இழுக்கு என்று தலைமை எழுத்தர் கொடுத்த ஆட்சேபணை தனி.

ஒருவழியாகச் செயல்விளக்க நாள் வந்தது.

"இதுல ரெண்டு நிலை சார். ஒண்ணுல தட்டினா எழுத்து விழும். எஸ்கேப்பை அமுக்கினா இன்னொரு நிலை. அங்கே அதே விசைங்க அழிக்கும், சேமிக்கும், மூடும்."

இயக்குநர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "யார் அமுக்கினாலுமா?"

"விசைக்கு ஆள் தெரியாதே சார்."

"அநியாயமா இருக்கே! எழுதறது ஊழியர் வேலை. அழிக்கிறதும் முடிக்கிறதும் அதிகாரி வேலை. முப்பது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு ஒழுங்கீனத்தை நான் பார்த்ததில்லை."

மறுநாளே சுற்றறிக்கை. முதல்நிலை அதிகாரிகள் நீங்கலாக மற்றவர்களின் விசைப்பலகையிலிருந்து எஸ்கேப் விசை அகற்றப்பட வேண்டும். அக்கா அவற்றை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்து உறையிலிட்டு முத்திரை வைத்தாள்.

அதன்பின் அலுவலகம் எழுதிக்கொண்டே இருந்தது. முடிக்கத்தான் ஆளில்லை. அங்கே முதல்நிலை அதிகாரி இயக்குநர் ஒருவர்தான்; எஸ்கேப்பும் அவரிடம் மட்டும்தான். அதை அமுக்கியபின் எதை அமுக்குவதென்று அவருக்குத் தெரியாது.

"என் சான்றிதழ் எழுதியாச்சுன்னீங்களே?" என்று ஜன்னலில் ஒருவர் சண்டைக்கு வந்தார்.

"எழுதியாச்சுங்க. இன்னும் முடியலை" என்றார் தலைமை எழுத்தர், உண்மையை மறைக்காமல்.

அக்காவின் நிரந்தர ஆர்டரும் அப்படித்தான் தலைமை எழுத்தர் திரையில் முடியாமல் நின்றது. மூன்று நாள் பொறுத்தாள். இயக்குநர் அறைக்கு ஓடினாள்.

"சார், கரண்ட் போனா என் ஆர்டர் போச்சு! நீங்க உங்க விசைப்பலகையோட வந்து அமுக்குங்க, எதை அமுக்கணும்னு நான் சொல்றேன்."

"நீ சொல்லி நான் அமுக்கறதா? அப்புறம் யாரும்மா இங்கே அதிகாரி?" அவர் பேனாவைத் தேடி எடுத்தார். "ஒண்ணு பண்ணலாம். உன்னையே அதிகாரி ஆக்கிட்டா?"

ஒரு தாளை எடுத்து, ‘விசை அதிகாரி, முதல்நிலை, நிரந்தரம்’ என்று பேனாவால் எழுதிக் கையெழுத்திட்டார். அந்த மாதம் அலுவலகத்தில் முடிவடைந்த ஒரே ஆவணம் அதுதான்.

விசை அதிகாரிக்குத் தனி அறை, சுழல் நாற்காலி. எழுதியதை முடித்துக்கொள்ள வாசலில் எப்போதும் கூட்டம். கணினி அக்கா ஒரே வாரத்தில் மேடம் ஆனாள். இரண்டு மாதம் கழித்துத் தலைமை எழுத்தர் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார்.

"மேடம், வேற ஒரு எடிட்டர் இருக்காம். ரெண்டு நிலையெல்லாம் கிடையாது. எழுத எழுதத் தானே சேமிச்சுக்குமாம். உங்களையும் தொந்தரவு பண்ண வேணாம். மனு எழுதியிருக்கேன்."

அவளுக்கு அதை நன்றாகவே தெரியும். வீட்டில் அவள் எழுதுவதெல்லாம் அதில்தான்.

"நல்ல யோசனை சார். வச்சுட்டுப் போங்க."

கதவு சாத்தியதும், ‘பாதுகாப்புக் காரணங்களை முன்னிட்டு மனு நிராகரிக்கப்படுகிறது’ என்று தட்டினாள். எஸ்கேப்பை அமுக்கி, யாரையும் கேட்காமல் சேமித்தாள்.