படகு ரேடியோவுக்கு ஒரு லைசென்ஸ்

தபால் ஆபீஸ் கவுன்டர்க்காரருக்கு உலகத்திலேயே பிடித்த இடம் துறைமுகச் சுவரைத் தாண்டி மூன்று மைல் தூரத்தில் இருந்தது. அங்கே செல்போன் எடுக்காது. ஞாயிறு தவறாமல் தன் சின்ன மோட்டார் படகில் போய், பேருக்கு ஒரு தூண்டிலைப் போட்டுவிட்டு மல்லாந்து கிடப்பார். காரணம் வீட்டில் இருந்தது. அவர் மனைவி எதையும் மூன்று தடவை சொல்வாள். "கதவைச் சாத்துங்க. கதவைச் சாத்துங்க. சாத்தினீங்களா?" ஆறு நாள் கேட்ட காதுக்கு ஏழாம் நாள் ஓய்வு வேண்டாமா?

போன மாதம் நடுக்கடலில் எஞ்சின் மக்கர் பண்ணி, நாலு மணி நேரம் துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்தார். அழுது வீங்கிய கண்ணோடு அவள் நின்றிருந்தாள்.

"இனிமே ரேடியோ இல்லாம படகு நகராது. நகராது. புரியுதா?"

முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டார். உள்ளுக்குள் ஒரே குஷி. விதிப் புத்தகத்தை ஏற்கெனவே புரட்டியிருந்தார். படகு ரேடியோவில் படகிலிருந்துதான் பேசலாம். வீட்டிலிருந்து பேசினால் குற்றம். ஆபத்துக்கு உதவி வரும், அடுக்களையிலிருந்து குரல் வராது. சட்டமே அவர் கட்சி.

கையடக்க ரேடியோ வந்தது. லைசென்ஸுக்கு ஆறு பக்கப் படிவமும் வந்தது. இருபத்திரண்டு வருஷமாக, "படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்க" என்று ஊரையே விரட்டுகிற மனுஷர் அதை மேஜையில் தள்ளினார்.

"நீயே எழுதிடு. நான் கையெழுத்துப் போடறேன்."

"எல்லாக் கட்டத்தையும் நானே எழுதிடலாமா?"

"எழுது, எழுது."

படிக்காமல் போட்டார்.

ரேடியோவில் பேசுகிறவர் பரீட்சையும் பாஸாக வேண்டுமாம். துணைக்கு வருகிறேன் என்று வந்த மனைவி, வாசலில் கைப்பையிலிருந்து தன் பெயரில் ஒரு நுழைவுச் சீட்டை எடுத்தாள். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இது ஏது?"

"படிவத்துல எழுதினேனே. நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க? சும்மா வெளியில உட்கார்ந்தா எனக்கு நேரம் போகாதுங்க."

எழுதட்டும், பெயிலாகட்டும் என்று விட்டுவிட்டார். எழுத்துத் தேர்வை ஊதித் தள்ளினார். அடுத்தது வாய்மொழித் தேர்வு. பரீட்சை அதிகாரி ஒரு ரேடியோவை எடுத்துக்கொண்டு மூழ்கும் படகாக மாறி, கடலில் உயிராபத்து என்றால் கூப்பிடும் 'மேடே' குரலைக் கொடுத்தார்.

"மேடே, மேடே, மேடே. படகுல தண்ணி ஏறுது. நாலு பேர் இருக்கோம்."

கவுன்டர்க்காரரின் வாய் தானாகத் திறந்தது. "கொஞ்சம் பொறுங்க. வரிசையில வாங்க."

அதிகாரி ரேடியோவை வாய்க்கு இன்னும் கிட்டே பிடித்தார். "சார், நான் மூழ்கிட்டு இருக்கேன்."

"அதுக்கு அடுத்த கவுன்டர்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அடுத்து மனைவி போனாள். படகின் பெயரை மூன்று தடவை சொன்னாள். இருக்கிற இடத்தைச் சொன்னாள். பதில் வராததுபோல் அதிகாரி நடித்ததும், சலிக்காமல் முதலிலிருந்து ஆரம்பித்தாள். அதிகாரி எழுந்தே நின்றுவிட்டார்.

"இவ்வளவு பொறுமையா யாரும் சொன்னதில்லம்மா. எங்க பழகினீங்க?"

"வீட்டுலதான் சார்."

லைசென்ஸ் அவருடைய கவுன்டருக்கே தபாலில் வந்தது. பிரித்தார். முத்திரைக் கட்டை கை தவறி விழுந்தது. ரேடியோ இயக்குபவர்: மனைவி. கணவர்: தேர்ச்சி இல்லை. மற்றவர்கள், இயக்குபவர் படகில் இருக்கும்போது மட்டுமே பேசலாம். படகில் செல்வோர்: இரண்டு பேர். கூடவே இணைத்திருந்த படிவ நகலின் கீழே அவருடைய அழகான கையெழுத்து.

வேர்த்து விறுவிறுத்து வீட்டுக்கு ஓடினார். "இது என்ன அநியாயம்?"

"ரெண்டு வருஷமா என்னையும் கூட்டிட்டுப் போங்கன்னு கேட்டேன். படகுல இடமில்லைன்னீங்க. அன்னிக்கு நீங்க திரும்பி வரலைன்னா நான் கரையில நின்னு என்ன செய்யறது? அதான் படிவத்துலயே இடம் போட்டுக்கிட்டேன்."

அவர் லைசென்ஸை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை படகு துறைமுகச் சுவரைத் தாண்டி வழக்கமான இடத்துக்குப் போனது. செல்போன் செத்தது. ரேடியோ அவள் கழுத்தில் தொங்கியது.

"அதைக் கொஞ்சம் அணைச்சு வையேன்."

"பதினாறாம் சேனல்லதான் ஆபத்துக் குரல் வரும். அதை அணைக்கக் கூடாது. விதி."

அவர் வாயைத் திறந்தார். அவள் விரலைத் தூக்கினாள்.

"ஒருத்தர் பேசி முடிக்கற வரைக்கும் அடுத்தவர் பேசக் கூடாது. அதுவும் விதிதான். கிளம்பும்போது கதவைச் சாத்தினீங்களா? வீட்டுக் கதவைச் சாத்தினீங்களா? சாத்தினீங்களா?"

சாத்தவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.