மலைக்கு இந்தப் பக்கத்துப் பூசணி

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். அங்கே நீங்களும் என் மகளும், எந்நேரமும் விரித்தபடியே இருக்கும் உங்கள் குடைகளும் நலமாக இருக்க வேண்டுகிறேன். போன வாரம் போனில் நீங்கள் சொன்னதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். மாப்பிள்ளையிடம் குரலை உயர்த்தக் கூடாது என்று உங்கள் அத்தை போனைப் பிடுங்கிவிட்டாள். கடிதத்துக்குக் குரல் கிடையாது. ஆகவே எழுதுகிறேன்.

"அந்த ஊர்ல எதுவும் முளைக்காது மாமா. வீட்டை வாடகைக்கு விட்டுட்டு ரெண்டு பேரும் இங்க வந்துடுங்க" என்றீர்கள். வர மாட்டேன்.

தோட்டம் போடச் சொல்லி ஆரம்பித்துவைத்ததே நீங்கள்தான். ஓய்வுபெற்றபின் வேலையில்லாமல், உங்கள் அத்தை அடுப்பைப் பற்றவைக்கும் போதெல்லாம் பின்னால் போய் நின்றுகொண்டிருந்தேன். காலமெல்லாம் தீயணைப்பு வண்டி ஓட்டியவனுக்கு அந்தப் பழக்கம் லேசில் போகாது. அவள் உங்களிடம் புலம்பியிருக்கிறாள். நீங்கள் விதைப் பொட்டலங்களை அனுப்பி, "பள்ளிக்கூடம் திறக்குற வாரம் விதைச்சுடுங்க மாமா, உடனே மழை புடிச்சுக்கும். அப்புறம் நாற்காலி போட்டு உக்காந்து பாத்துட்டே இருக்க வேண்டியதுதான்" என்றீர்கள். விதைத்தேன். நாற்காலியும் போட்டேன். மழை வரவில்லை, எறும்பு வந்தது. ஒன்றன்பின் ஒன்றாக வந்து, என் கண்ணெதிரே கத்தரி விதை முழுவதையும் தூக்கிக்கொண்டு போனது. உங்களுக்குப் போன் செய்தால், உங்கள் தகரக் கூரையில் கொட்டுகிற சத்தத்தில் பேச்சே காதில் விழவில்லை. "அங்க தூறல்கூட இல்லையா மாமா?" என்று கத்தினீர்கள். நடுவில் ஒரு மலை நிற்கிறதே மாப்பிள்ளை! மேகம் உங்கள் பக்கமாக ஏறி, மடியில் இருப்பதையெல்லாம் உங்கள் வெண்டைக்கே கொட்டிவிட்டு, எங்கள் பக்கம் இறங்கும்போது வெறும் காற்றாக வருகிறது. அந்தக் காற்றில் துணி நன்றாகக் காய்கிறது. செடியும்தான். எங்களுக்கு மழை வேண்டுமென்றால் காற்று திரும்பி, கடல் பக்கமிருந்து வர வேண்டும். அதற்குள் நீங்கள் குடையை மடக்கி வைக்கிற காலம் வந்துவிடும். இது அப்போது எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஆனால் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள்.

மறுபடி விதைத்தேன். குழாயில் வருகிற தண்ணீர் குடிக்கவே பற்றவில்லை. வண்டி நிறையத் தண்ணீரோடு ஊரை வலம் வந்த நான், பாத்திரம் கழுவுகிற இடத்தில் வாளியோடு காத்து நின்றேன். "ஒரு கை கழுவ விடுறீங்களா மனுஷிய?" என்றாள் உங்கள் அத்தை. சரி என்று பிளம்பரைக் கூப்பிட்டு, துணி துவைக்கும் மெஷினிலிருந்து தோட்டத்துக்கு ஒரு குழாய் இழுத்தேன். "கழண்டுச்சுன்னா என்னைக் கேக்காதீங்கண்ணே" என்று சொல்லித்தான் மாட்டினார். கழன்றது. நுரையெல்லாம் மதில் சுவரைத் தாண்டி, பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் கண்ணாடியை இறக்கிவிட்டு நிறுத்தியிருந்த காருக்குள் போய் நிறைந்துவிட்டது. அவர் வெளியே வந்து பார்த்துவிட்டு, "சார், நெருப்பு எங்க?" என்று கேட்டார்.

பிறகு ஒரு நாள் காற்று திரும்பியது. ஒரு பருவத்து மழை அத்தனையும் ஒரே பிற்பகலில் இறங்கியது. தெரு ஆறாகிவிட்டது. அதுவரை உயிரைப் பிடித்துக்கொண்டிருந்த தக்காளித் தொட்டிகள் வாசலைக் கடந்து, ஊர்வலம் போவதுபோல் வரிசையாக மிதந்து போயின. நான் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். முச்சந்தியில் நின்ற போலீஸ்காரர், "பெரியவரே, ஓரமா வாங்க! செடிதானே, போனா போகட்டும்!" என்று கத்தினார். "எரியற வீட்டுல இருந்து ஆளையே தூக்கிட்டு வந்தவன் நான், ஒரு தக்காளிய விட்டுடுவேனா?" என்று நானும் கத்தினேன். ஒரு தொட்டியைப் பிடித்தேவிட்டேன். மண் இருந்தது. செடியைக் காணோம். நனைந்து வீட்டுக்குள் நுழைகிறேன், உங்கள் போன். "இங்க ஒரே வெயில் மாமா, கொடியெல்லாம் வாடுது." மாப்பிள்ளை என்றும் பார்க்காமல் சிரித்துவிட்டேன். அதற்கு மன்னிக்கவும். இந்தக் கடிதத்தில் வேறெதற்கும் மன்னிப்பு கிடையாது.

தண்ணீர் வடிந்து இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் பார்க்கிறேன், மதில் ஓரமாக ஒரு பூசணிக்கொடி படர்ந்திருக்கிறது. சுவரிலிருந்து ஒரு பிஞ்சு தொங்குகிறது. எறும்பையும் வெயிலையும் வெள்ளத்தையும் ஜெயித்த பிஞ்சு, மாப்பிள்ளை! பாரம் தாங்காமல் காம்பு ஒடிந்துவிடுமே என்று என் பழைய யூனிபார்ம் சட்டையைத் தூளியாகக் கட்டி அதற்குள் உட்காரவைத்தேன். தினமும் போய்ப் பார்க்கிறேன். இப்போது பொத்தான் போட முடியாத அளவுக்கு வளர்ந்துவிட்டது. உங்கள் அத்தைகூட அடுப்படியிலிருந்து வந்து தடவிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே" என்றாள். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததில்லை. ஆகையால் இது எதுவும் முளைக்காத ஊர் என்று இனி யாரும் சொல்ல வேண்டாம். என் மண், என் மழை, என் உழைப்பு. உங்கள் ஊருக்கு நாங்கள் வருவதாக இல்லை. இதை என் மகளிடமும் உரக்கப் படித்துக் காட்டவும்.

நீங்கள் இருவரும் சளி, காய்ச்சல் இல்லாமல், உலர்ந்த உடையோடு நெடுங்காலம் வாழ மனமார வாழ்த்தும்,

உங்கள் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் பல் டாக்டர் வந்தார். "எங்க பூசணிக்கு நீங்க சட்டை போட்டு விட்டிருக்கீங்களாமே சார்?" என்றார். ஏணி போட்டு எட்டிப் பார்த்தேன். வேர் அவர் பக்கம் இருக்கிறது. அவர் வீட்டில் காய்கறிக் குப்பை கொட்டுகிற மூலையில், மழை பெய்ததும் தானாக முளைத்ததாம். யாரும் விதைக்கவுமில்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவுமில்லையாம். பாதிக் காய் தருகிறேன் என்றார். காய் வேண்டாம், அந்தக் குப்பை மூலையில் எனக்கும் கொஞ்சம் இடம் விடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறாராம். அவர் என்ன சொன்னாலும் சரி, நாங்கள் அங்கே வரப்போவதில்லை.